முதல் மேடை

சேக்காடு, ஆவடி
9.2.1991

பேரன்புடைய அம்மாவுக்கு வனஜாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? அப்பா வேளைக்கு உண்கிறாரா? நான் நலமே. மேடைகளில் முழங்கித் தொண்டை சற்றே கட்டியிருக்கிறது, கவலை வேண்டா.

சென்ற ஞாயிறு பட்டாபிராமில் மகளிர் கூட்டம். எனக்கு முன்பாக, அம்பத்தூர்த் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் சொர்ணம் அம்மையார் பேச எழுந்தார். ஓரமாக வேடிக்கை பார்த்து நின்ற ஆண்களில் ஒருவர், "போய் ஊட்ல அடுப்பப் பாரும்மா" என்று கூவினார்.

"எங்க ஊட்டுக்காரரு கொழம்பு வச்சினுகீறாரு, அண்ணாத்தே. நீயும் வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்றார் அவர். சிரிப்பு அடங்கியபின் குரலைத் தாழ்த்தினார்: "இது இன்னா பெரிய மேடை? எம் பொண்ணு படிக்கணும்னு அவரு எதிர்ல மொதோ வார்த்தை பேசனேன் பாரு, அன்னிக்குத்தான் காலு நடுங்கிச்சு."

செந்தமிழில் நான் அடுக்கி வைத்திருந்த சொற்களெல்லாம் அந்த நடுக்கத்தின்முன் சிறுத்துப்போயின. வியந்து நின்றேன், அம்மா. உங்களையே நினைத்தேன்.

வரும் வெள்ளியன்று தங்கை கஸ்தூரியைப் பெண்பார்க்க வருகிறார்கள். அவளோ கல்லூரிக் கனவோடு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறாள். "அவள் படிக்கட்டும்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் மேடைப்பேச்சு என்று அப்பா தள்ளிவிடுவார். இதுவரை எதையுமே கேளாத நீங்கள் கேட்டால் அவரால் தள்ள இயலாது.

வியாழன் இரவு வண்டியேறுகிறேன், அருகில் நிற்பேன். சுண்டைவற்றல் கொஞ்சம் எடுத்து வையுங்கள். இங்கே ஒருத்திக்கென உலை வைக்க மனம் வருவதில்லை.

பணிக்கு அழைக்கும் சங்கு ஊதிவிட்டது. இம்மடலைக் கஸ்தூரி உங்களுக்குப் படித்துக் காட்டுகையில் அப்பா வந்துவிட்டால், அவள் நிறுத்த வேண்டா, உரக்கவே படிக்கட்டும்.

உங்கள் மகள்,
வனஜா