கூடவே தேடணும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று என் மானம் பறந்தது. நிஜமாகவே பறந்தது. வங்கி மேலாளருக்குக் கால் அளவு எடுக்கக் குனிந்தேன். என் பேன்ட் பட்டன் தெறித்து அவர் ஷூவில் டிங் என்று விழுந்தது. அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "மாஸ்டர், உங்களுக்கு யார் தைக்கிறாங்க?"

"நானேதான் சார்."

அதற்கப்புறம் தன் இடுப்பை இரண்டு தடவை அளக்கச் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள், மகன் சிரித்தான். வந்து ஒரு மாதம்கூட ஆகாத மருமகள் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 5

மகன் கடைக்கே வந்துவிட்டான். வீட்டில் பேச முடியாததைப் பேசத்தான் கடைக்கு வருவான்.

"அப்பா, உங்க நக்கலை அவளால தாங்க முடியல. ஞாயித்துக்கிழமை டீயைக் குடிச்சிட்டு என்ன சொன்னீங்க?"

"வெந்நீர் பிரமாதம், டீத்தூள் எப்ப வரும்னு கேட்டேன். ஜோக்குடா!"

"அழுதாப்பா. அவங்க வீட்ல பெரியவங்க பேசினா எழுந்து நின்னுதான் கேப்பாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு வீடு காலியா இருக்காம். புரோக்கர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்…"

வெட்டிக்கொண்டிருந்த துணி கோணலாகப் போய்விட்டது.

ஜூன் 6

வாயைத் தைத்துவிட்டேன். இரட்டைத் தையல்.

ஜூன் 8, ஞாயிறு

நான் பேசாமல் இருப்பதும் வம்புதான். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "என்னங்க, காய்ச்சலா?" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் எழுந்து நின்றாள்.

"நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு மாமா. உங்களுக்குக் குசும்புதான், கெட்ட எண்ணம் இல்லன்னு அத்தை சொன்னாங்க. குசும்புன்னா என்ன மாமா? எங்க வீட்ல குறும்புன்னுதான் சொல்வாங்க. அதுவும் அடிக்கிறதுக்கு முன்னாடி."

அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"முதல்ல உக்காரும்மா. ஒருத்தன் இன்னொருத்தன் செருப்பை ஒளிச்சு வைக்கிறான்னு வையி. ஒளிச்சிட்டு கெக்கெக்கேன்னு சிரிச்சு மாட்டிக்கிட்டா குறும்பு. செருப்பைத் தொலைச்சவன் வெறுங்காலோட நடக்கிறதை ஊரைக் கூட்டிக் காட்டினா நக்கல். முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு, 'எங்கதான் போயிருக்கும்'னு கட்டிலுக்கு அடியில கூடவே தேடினா, அதான் குசும்பு. கடைசியில தொலைச்சவன்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி சிரிக்கணும்."

"கூடவே தேடணும்," என்று பாடம்போல முணுமுணுத்தாள்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அப்போ அந்த டீ? அவள் சிரிக்கவே இல்லையே. அது நக்கல்தானேடா, மடையா!

"அந்த டீ… நான் சொன்னது தப்பும்மா," என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் 14

போன வாரம் சரியாக இருந்த பேன்ட் இன்று இறுக்குகிறது.

ஜூன் 17

சாம்பல் நிறமும் இறுக்குகிறது. நீலமும். மூச்சை உள்ளே இழுத்துத்தான் பட்டன் போட முடிகிறது. அதற்குப் பிறகு பேசினால் குரல் கீச்சென்று வருகிறது. டேப் கழுத்திலேயே தொங்குகிறது. ஊர் இடுப்பையெல்லாம் அளக்கிறவனுக்குத் தன் இடுப்பில் அதை வைக்கத் தைரியமில்லை.

கவலைப்பட ஒரு ஜீவன் இருக்கிறது. "சர்க்கரையை நிறுத்திடலாமா மாமா?" என்று கேட்டு, அன்றே நிறுத்தியும்விட்டாள். "காலையில நடந்தா குறையும். நானும் கூட வரேன்." என்ன அக்கறை! பெற்ற பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 20

தினமும் பூங்காவைச் சுற்றுகிறோம். நான் பேச, அவள் கேட்க. இப்போது அவளும் பேசுகிறாள். "எங்கப்பாகிட்ட இவ்வளவு பேசினதே இல்ல மாமா," என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். என் வயிற்றை டாக்டர்போல உற்றுப் பார்த்து, "கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றாள்.

இறங்கினால் ஏன் இறுக்குகிறது?

(கடையில் இரண்டு டீ, சர்க்கரை தூக்கலாக. அது வீட்டுக்குத் தெரியாது.)

ஜூன் 24, செவ்வாய்

மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். பின்பக்கம் டர்ர்ர். டிரயல் ரூம் திரையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிறவர் என் பேன்ட்டை வாங்கி உள்பக்கம் திருப்பினார்.

"மாஸ்டர், இது உங்க தையல் இல்லையே. யாரோ இடுப்பைப் பிடிச்சுச் சின்னதாக்கியிருக்காங்க. சுத்தமான கை."

முப்பது வருஷமாகத் தைக்கிறேன். சொந்தப் பேன்ட்டை ஒரு தடவை திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே!

வீட்டுக்குப் போய், மேஜைமேல் பேன்ட்டை வைத்தேன். மருமகள் எழுந்து நின்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"கூடவே தேடணும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க. பூங்கா வரைக்கும் வந்து தேடினேனே!"

மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சிரித்தேன் பாருங்கள் — சிரிப்பு இருமலாகி, மனைவி முதுகில் நாலு குத்து குத்தி, அப்புறமும் நிற்கவில்லை. மருமகளும் நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். அம்மாடி, என்ன சத்தம்! பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மகனுக்குப் போன். புரோக்கர்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாமா பேன்ட் நாலையும் பிரிக்கணும். எனக்கு இங்க வேலை கிடக்கு."

"குசும்பு!" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

ஜூன் 25

காலையில் நாலு பேன்ட்டும் பிரித்து, தேய்த்து, கட்டில்மேல். கருப்பைப் போட்டுக்கொண்டேன். கதவுக்கு வெளியே குரல்:

"பழையபடி விட்டுட்டேன் மாமா. இப்ப வசதியா இருக்கா?"

"பிரமாதம்மா!"

சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். டீ வந்தது, இரண்டு கரண்டி சர்க்கரையோடு. முழுசும் குடித்தேன்.

பட்டன் இன்னும் எட்டவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.