சுக்கான் தட்டும் வரை

மதினி,

இன்று காலை காரியாபட்டியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் தார் டின்னின் மூடியை நெம்பித் திறந்தேன். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே நெடி முகத்தில் அடித்தது. இப்போது என்னோடு வேலைக்கு வரும் செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா உன் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நகத்துக்குள்ள இம்புட்டு அழுக்கு?" என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? மூச்சு வாங்கிக்கொண்டே நீ சொன்னாய்: "அழுக்கு இல்ல தாயி, தாரு. லேசுல போவாது."

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உன்னைத் தூக்கிய அன்றைக்கு நம் தெருவிலேயே நாலு பேர், "பாவம், மண்ணோட மல்லுக்கட்டியே போய்ச் சேந்துட்டா" என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. பாவமாம். உன்னைப் போய். அந்தச் சொல்லை அழிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்றும் எனக்குள் கிடக்கிறது. அதையும் எழுதிவிட வேண்டும்.

உறவுமுறையில் நீ எனக்கு மதினியே இல்லை. நீ மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிற வீடு. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வீடு. ஒரே தெரு, ஒரே வயது, ஒரே லோடு ஆட்டோவில் நின்றபடி சித்தாள் வேலைக்குப் போய் வந்தவர்கள். நான் உன்னை மதினி என்பேன், நீ என்னை ஏட்டி என்பாய். அவ்வளவுதான் உறவு. அது போதுமானதாக இருந்தது.

நம் காலனி வீடுகளுக்கு நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து தொடங்குகிறேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள். கரிசல் மண்ணில் இரண்டடி தோண்டி, கல்லை அடுக்கி, மேலே சுவரை எழுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். கரிசல் சும்மா இருக்கிற மண்ணா? கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை விழுந்தால் புளித்த மாவு மாதிரி உப்பும். வருஷா வருஷம் தூக்கித் தூக்கிப் போட்டதில் எல்லா வீட்டுச் சுவரிலும் படிக்கட்டு மாதிரி விரிசல். பேஸ்மட்டத்துக்கு மேலே இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பெருமழை ஒன்று பெய்த வருஷம் ஓவர்சியர் வந்தார். குடியிருக்க லாயக்கில்லை, இடிக்க வேண்டும், அதுவரை கண்மாய்க்கு அந்தப் பக்கம் தகர ஷெட்டில் இருங்கள் என்றார்.

தெருவில் நீதான் முதலில் கேட்டாய்.

"புது வீடு இதே இடத்துலயா சார் கட்டுவீங்க?"

நம் இடம் திருச்சுழி ரோட்டை ஒட்டிய இடம். அதன் மேல் யார் யாருக்குக் கண் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார்.

"பதில் இல்லேல்ல? அப்ப நாங்க போகல" என்றாய். "செவரு நல்லாத்தான் இருக்கு சார். காலுதான் சரியில்ல. காலு ஒடிஞ்சவன யாராச்சும் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவாகளா? அஸ்திவாரத்த நாங்க சரி பண்ணிக்கிருதோம்."

"அதெல்லாம் உங்க வேலை இல்லம்மா."

"சட்டி சொமக்குறது மட்டுந்தான் எங்க வேலையா?"

அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. உன் சுவர் விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார். உன் வீட்டை மட்டும் முதலில் செய்ய வேண்டும். முடித்ததும் விரிசல் இருந்த இடங்களில் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்ட வேண்டும். சுவர் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மழை முடிந்து அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் முழுசாக இருந்தால் இடிக்க வேண்டாம் என்று எழுதுவார். உடைந்திருந்தால் தெருவே பேச்சில்லாமல் கிளம்ப வேண்டும்.

"சரி சார்" என்றாய். யாரையும் கேட்கவில்லை. என்னைக்கூட.

அன்று சாயங்காலம் நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். "உனக்கு இந்த வேலை எங்க தெரியும்? தெருவையே பணயம் வச்சிட்டு வந்து நிக்க."

முன்பு விருதுநகர்ப் பக்கம் ஒரு மில்லில் சுவர் இறங்கியபோது, அதன் அடியில் புது அஸ்திவாரம் கொடுத்தார்கள். நாம் இரண்டு பேரும் அங்கேதான் கலவை சுமந்தோம். நான் சுமந்தேன், கூலி வாங்கினேன், வந்துவிட்டேன். நீ பார்த்திருக்கிறாய். எவ்வளவு தோண்டுகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், எத்தனை நாள் விடுகிறார்கள், எல்லாம். "சும்மாட்டுக்கு அடியில மண்டை ஒண்ணு இருக்குன்னு அந்த எஞ்சினியருக்குத் தெரியாதுட்டி" என்று சிரித்தாய்.

சித்திரையில் தொடங்கினோம். மண் முழுக்கச் சுருங்கிக் கிடக்கும் மாதம் அதுதான். நீ, நான், தெருவில் இன்னும் மூன்று பெண்கள். தறிக்குப் போகாத நாட்களில் நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரரும் கல் உடைத்துக் கொடுத்தார். சுவரை ஒட்டி இரண்டு முழ நீளம் தோண்ட வேண்டும். அடுத்த நாலு முழம் தொடாமல் விட வேண்டும். ஒரேயடியாகத் தோண்டினால் வீடு நம் தலை மேலேயே உட்கார்ந்துவிடும். கறுப்பு மண் முடிந்து, வெள்ளையாய்க் கெட்டியாய்ச் சுக்கான் பாறை தட்டும் வரை இறங்க வேண்டும். அந்தச் சுக்கான் மேலே கான்கிரீட் போட்டு, பழைய கல்லின் அடி வரை இடைவெளி இல்லாமல் இறுக்க வேண்டும். அது இறுகிய பிறகுதான் அடுத்த குழி.

குழிக்குள் மாறி மாறி இறங்கினோம். மேலே நிற்பவள் கேட்பாள், "தட்டிருச்சா?" கீழே இருப்பவள் கடப்பாறையை ஓங்கிக் குத்திப் பார்த்துவிட்டு, "தட்டிருச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கலவை இறங்கும்.

இனி நான் சொல்ல வேண்டியது. வடமேற்கு மூலை. வைகாசி வெயில். குழிக்குள் நான். மேலே கலவை குழைத்துத் தயாராக இருந்தது, விட்டால் இறுகிவிடும். எனக்குத் தலை சுற்றியது. கடப்பாறை எதிலோ மோதி ணங்கென்று சத்தம் வந்தது. கையை விட்டுத் தடவினேன். அது தனியாகக் கிடந்த ஒரு கல். அதைச் சுற்றிலும் கறுப்பு மண். சுக்கானுக்கு இன்னும் ஒரு முழமாவது இறங்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்தது.

"தட்டிருச்சாட்டி?" என்று கேட்டாய்.

"தட்டிருச்சு" என்றேன்.

நீ மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. கலவை இறங்கியது.

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். விரிசல்களுக்குக் குறுக்கே சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, கம்பி வைத்துத் தைத்தோம். பேஸ்மட்டத்தின் வெளிப்பக்கத்தைக் கொத்திப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு தார் அடித்தோம். சுவரை ஒட்டிய கரிசலை அள்ளிக் கொட்டிவிட்டு கிராவல் நிரப்பினோம். மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்காதபடி வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சாய்வாகத் தளம் போட்டோம். குளிக்கிற தண்ணீருக்குக் குழாய் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் விட்டோம். நாலு கண்ணாடி ஒட்டினோம்.

ஐப்பசி மழை மூன்று தடவை பெய்தது. மூன்றாவது மழைக்கு மறுநாள் காலை வடமேற்கு மூலைக் கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது.

தெரு கூடிவிட்டது. வேறு கண்ணாடியை ஒட்டிவிடலாம், ஓவர்சியருக்கு எப்படித் தெரியும் என்றார்கள். அதிகச் சத்தமாகச் சொன்னவள் நான்தான். ஏன் என்று எனக்குத் தெரியும்.

நீ உடைந்த துண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னாய்: "கண்ணாடிய மாத்தலாம். அடியில இருக்குற மண்ண யாரு மாத்துறது? எனக்கு வீடு வேணும்ட்டி. சர்ட்டிபிகேட்டு வேண்டாம்."

மழை விட்ட இரண்டாம் நாள் அந்த மூலையை நீயே தோண்டினாய். யாரையும் இறங்க விடவில்லை. நாம் போட்ட கான்கிரீட்டின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாய். கன்னங்கரேலென்று, பிசுபிசுவென்று, தண்ணீர் சொட்டும் கரிசல். அதைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. பிறகு மண்ணைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போன் போட்டு ஓவர்சியரை நீயே வரச் சொன்னாய்.

அவர் வந்ததும் குழி அருகே கூட்டிப்போய்க் காட்டினாய். "மூணு கண்ணாடி முழுசா இருக்கு சார். இது ஒண்ணு ஒடஞ்சிருச்சு. இந்த மூலையில சுக்கான் வரைக்கும் போகாம நிறுத்திட்டோம். தப்பு எங்களது."

எங்களது. என் பேரைச் சொல்லியிருந்தால் அன்றோடு எனக்கு அந்தத் தெருவில் முகம் இருந்திருக்காது.

அவர் குழியை வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல உடைஞ்சதக் கூப்பிட்டுக் காட்டுன ஆளை நான் பாத்ததில்ல" என்றார். "மூலையத் திரும்பப் போடுங்க. அடுத்த மழை வரைக்கும் ஃபைலு என் மேசையிலேயே கெடக்கும்."

மண் காய்ந்ததும் அந்தக் குழிக்குள் நான் இறங்கினேன். நீ என்னை இறங்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுக்கான் தட்டியது. அடுத்த மழைக்கு நாலு கண்ணாடியும் முழுசாக இருந்தன. அவர் எழுதிக்கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக, தெரு முழுக்க முடித்தோம். ஒரு குடும்பம்கூடக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் போகவில்லை.

பேர் பரவியதும் டவுனில் இருந்தும் ஆள் விட்டார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு பெரிய வீடு. பஞ்சுப் பொதி வைக்கிற நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த வீட்டம்மா நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "உள்ள எல்லாம் வரவேண்டாம், வெளிய இருந்தே வேலையப் பாருங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்கு இல்லை. சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே சொன்னாய்: "சரிம்மா, வரல. தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லி விடுங்க. அப்ப வாரோம்." பஸ் ஏறி வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து அவர்களே கார் அனுப்பினார்கள். நீ முன்வாசல் வழியாக, தலையில் துண்டோடு, நடு வீட்டைக் கடந்து போனாய். நான் உன் பின்னால் போனேன். சமையல்கட்டுத் தண்ணீர்க் குழாய் தரைக்கு அடியில் பிடுங்கிக்கொண்டு, வருஷக்கணக்காக நிலவறைச் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே போகாமல் அதை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

பேசுவதெல்லாம் நீ. பின்னால் நிற்பது நான். அப்படியே பழகிவிட்டது.

வயிற்றில் கட்டி என்று சொன்ன பிறகும் பத்து மாதம் வேலைக்கு வந்தாய். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த அன்று எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன். "மதினி, அந்த வடமேற்கு மூல..." என்று ஆரம்பித்தேன். நீ கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, "வீரசோழன் ஊர்ல நம்ம பூசுன வீடு காஞ்சிருச்சா? ஈரத்து மேல தார அடிச்சிராதட்டி" என்றாய். மன்னிக்கிற பாவனைகூட உன் முகத்தில் இல்லை. வேலையைக் கேட்டாய், அவ்வளவுதான். நான் அழுதுவிட்டுப் பஸ் ஏறினேன்.

போன மாதம் புது அதிகாரி ஒருவர் வந்தார். சின்ன வயது. காலனி பழசாகிவிட்டது, எல்லாரும் கையெழுத்துப் போட்டால் கண்மாய்ப் பக்கம் அடுக்குமாடி தருவோம் என்றார். தெரு உன் வீட்டு வாசலில்தான் கூடியது. அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். எல்லாரும் யாராவது பேசட்டும் என்று பார்த்தார்கள். எனக்கும் பழக்கதோஷத்தில் கண் உன்னைத்தான் தேடியது.

"இந்த வீடுகள் நிக்கும்னு யாரு சொன்னது?" என்று கேட்டார் அவர்.

"நான் சொல்றேன்" என்றேன்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"இந்த வீட்டு வடமேற்கு மூலைய ஒரு தடவை தப்பாப் போட்டவ நான். சுக்கான் தட்டாமயே தட்டிருச்சுன்னு பொய் சொன்னேன். மூணாவது மழையிலயே வெடிச்சிருச்சு. அப்புறம் நானே இறங்கித் திரும்பப் போட்டேன். தப்பாப் போட்டா எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும் சார். அதனாலதான் இது நிக்கும்னு சொல்றேன். நம்பலேன்னா தோண்டிப் பாருங்க."

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணனும் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். கடப்பாறையை நானே எடுத்து அவருடைய ஆளிடம் கொடுத்தேன். அந்த மூலையிலேயே தோண்டச் சொன்னேன். மார்பளவு இறங்கியதும், பக்கத்தில் நம் கான்கிரீட்டின் அடியும் அதற்குக் கீழே வெள்ளையாய்ச் சுக்கானும் தெரிந்தன. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மேலே வந்ததும் கையெழுத்துத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். சரிபண்ணிக் குடியிருக்கலாம் என்று அவரும் எழுதி அனுப்பியதாகப் போன வாரம் தகவல் வந்தது. நாளைக்கு இன்னொருவர் வரலாம். வந்தால் அவருக்கும் தோண்டிக் காட்டுவேன்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் என்னிடம், "அவ என்கிட்டக்கூட இதச் சொல்லலையே" என்றார். "சொல்ல மாட்டாக" என்றேன்.

இப்போது எந்த வேலைக்குப் போனாலும் ஒவ்வொரு குழியிலும் கடைசியாக நான் இறங்குகிறேன். முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் இறங்குகிறேன். சத்தத்தை நம்புவதில்லை. கையால் தடவி, நாலு பக்கமும் பார்த்து, உள்ளங்கையில் வெள்ளை ஒட்டிய பிறகுதான் மேலே இருக்கிற செல்விக்கு அந்த வார்த்தையைச் சொல்கிறேன், மதினி.