குடியிருப்பவர் பெயர்

உழவர்கரை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மனைவி ரமீஜா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். பாரிஸ் குளிரில் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் வீட்டுப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். இரண்டு வருடமாக உங்கள் சிக்னல் சரியாகவில்லை. காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

மாடி அறைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் கட்டியதை வரன்முறை செய்துகொள்ளப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்களாம். நமக்குப் பிளான் பாஸானது கீழ்த்தளத்துக்கு மட்டும்தானே. மாடி அறையும், பக்கத்தில் காலியாக விடவேண்டிய இடத்தில் நாம் ஏற்றிய படிக்கட்டும் அதில் இல்லை. அறையில் ஆள் குடியிருந்தால் விட்டுவிடுவார்களாம். காலியாகக் கிடந்தால் மாதக் கடைசிக்குள் இடித்துவிட வேண்டும்.

விண்ணப்பத்தில் குடியிருப்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நஸ்லின் என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை மச்சான், பேனா தானாகப் போனது. அடுத்த கட்டம் வயது. அங்கேதான் கை நின்றது. பதினாறு என்று போடுவதா, பதினெட்டு என்றா? நம் மகள் உயிரோடிருந்தால் இந்த ரஜப் மாதத்தோடு பதினெட்டு முடிந்திருக்கும். பதினெட்டு என்றே போட்டேன்.

பார்வையிட சிவசங்கரி என்று ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். சின்ன வயது, மரியாதை தெரிந்த பெண். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போனார். விரித்த கட்டில், மேசையில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள், கொடியில் துப்பட்டா. வாரத்துக்கு ஒருமுறை துவைத்துப் போடுகிறேன். பெண் காலேஜுக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டார். வருகிற நேரம்தான் என்றேன். டேப் பிடித்து அளந்துவிட்டு, 'குடியிருப்பில் உள்ளது' என்று எழுதிக்கொண்டார். சுவரைத் தடவிக்கொண்டே இறங்கியவர் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"கைப்பிடி இல்லாம பொண்ண எப்டிம்மா ஏறி எறங்க வுட்றீங்க? மழையில வழுக்குனா என்ன ஆவறது?"

மூன்றடி உயரத்துக்குக் கைப்பிடி இருந்தால்தான் கையெழுத்துப் போடுவாராம், அதுவும் சட்டத்தில் இருக்கிறதாம். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர் நீங்கள். மழை கொட்டுகிறதே என்றுகூடப் பார்க்காமல், சோறு ஆறுது இறங்கி வாடி என்று கீழிருந்து கத்தியவள் நான். உங்கள்மேல் பழி போடவில்லை. வெல்டர் வடிவேல் வந்து கைப்பிடி வைத்துவிட்டுப் போனார். அரை நாள் வேலை. அவ்வளவுதான் மச்சான், அரை நாள்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடக்கத்துக்கு முன் அவள் மையத்தைக் குளிப்பாட்டிய கை இது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது படியில் காலடி கேட்கும். மேலிருந்து ஏழாவது படியில், அவள் வழுக்கிய அந்தப் படியில், நின்றுவிடும். கைப்பிடி வைத்த நாளிலிருந்து கீழ்ப்படிவரை வருகிறது. கதவைத் திறக்கப் பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் என்ன பயம்? திறந்து பார்த்து யாரும் இல்லையென்றால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வது, அந்தப் பயம்தான்.

தம்பி ரிஹான் ஏசுகிறான். ஒரே ஆபீஸில், மாடியில் உள்ள பைலில் உன் மகள் குடியிருக்கிறாள், கீழே இறப்புப் பதிவேட்டில் அவள் மௌத்தாகிவிட்டாள், இரண்டு பைலும் ஒரே மேசைக்கு வந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான் அக்கா என்கிறான். பொய்ச் சத்தியம் மறுமைக்கும் ஆகாது என்கிறான். அவன் சொல்வது நியாயம்தான்.

வீடு உங்கள் பெயரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்றில், நம் மகள் மாடியில் குடியிருக்கிறாள் என்று நாம் இருவரும் சத்தியம் செய்ய வேண்டும். மற்றதில், அறை காலி, இடிக்கச் சம்மதம் என்று இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு இரண்டையும் அனுப்பவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் விமானம் ஏறினீர்கள், அதற்குப் பிறகு இந்த வீட்டில் கால் வைக்கவில்லை. வாருங்கள். ஒரே ஒரு முறை மேலே ஏறி, அறையில் ஆள் இருக்கிறதா காலியா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் நானும் போடுகிறேன். தனியாக என்னால் முடியவில்லை.

வழி நெடுக அல்லாஹ் உங்களைக் காத்து, வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக.

இப்படிக்கு,
நஸ்லினின் அம்மா,
ரமீஜா