கடலில் குழி விழும் இடம்

என் பிரியத்துக்குரிய குழி அத்தானுக்கு,

போய்ச்சேர்ந்த மனுஷனைப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று ஊரார் ஏசட்டும். அந்தப் பேரை வைத்ததே நான்தான், மாற்றுவதாக இல்லை. ஆனால் இன்றைக்கு அதை வேறு மாதிரிச் சொல்கிறேன். கடைசி வரைக்கும் கேளுங்கள்.

உங்கள் மகன் குமார் கப்பலேறிவிட்டான். நீங்கள் பார்த்த அதே வேலைதான், சரக்குக் கப்பல். செங்கடல் பக்கம் சண்டை என்பதால் இப்போது பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அதாவது உங்கள் முனை வழியாக. நன்னம்பிக்கை முனையாம்! "பேருலதான் நம்பிக்கை, தண்ணியில கெடையாது" என்பீர்களே.

சேதி கேட்டதும் அக்கா தன் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அவன் முனையைத் தாண்டும் வரை அவளுக்கு ஒன்றும் தெரியக்கூடாதாம். எனக்கு அப்படி இருக்க முடியுமா? உலகப்படத்தை வாங்கி வந்து கடைச் சுவரில் ஒட்டினேன்.

லீவில் வரும்போதெல்லாம் இங்கே பர்மாவில், க்யிம்யிண்டைங்கில் நம் டீக்கடை மேசையில் ஈரத்துணியை விரிப்பீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"வடக்கேருந்து நீரோட்டம் இப்படி வருது. தெக்கேருந்து காத்து எதுக்க அடிக்குது. நீ அங்கிட்டுருந்து தள்ளு, செல்வி."

தள்ளுவேன். துணி மடிப்பு மடிப்பாக எழும். நடுவில் டீக்கரண்டியைப் போடுவீர்கள். தலைகுப்புற உள்ளே போய்விடும். "இதான் கப்பல். அலையைக்கூடச் சமாளிச்சிரலாம். அதுக்கு முன்னாடி கடல்ல ஒரு குழி விழும் பாரு, அதுதான் ஆளை முழுங்கும்."

"ஹொத்லா?" என்பேன். ‘அப்படியா’ என்று பர்மியர்கள் கேட்கிற சொல்தான். நான் இழுக்கிற இழுப்பில் கடையே சிரிக்கும். தண்ணீரில் எங்கேயாவது குழி விழுமா?

ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைப் பற்றிக் கேட்டால், "அங்க நான் போனதில்ல, தெரியாது" என்பீர்கள். புளுகுகிறவன் அதையும் சேர்த்தல்லவா புளுகுவான்? அப்புறம், அந்தக் குழிக்குள் இறங்கியதும் காற்று நின்றுபோகும், பக்கத்தில் நிற்பவன் மூச்சுவிடுவது கேட்கும் என்பீர்கள். புயலுக்கு நடுவில் அமைதியா? வேறென்ன கேட்டது என்று நான் நோண்டினால் சுருட்டைத் தேட ஆரம்பிப்பீர்கள்.

சரியாக அந்த இடத்தில்தான் அக்கா வருவாள். "போதும் நிறுத்துங்க, வேற வேலையே இல்லையா?" உங்கள் முகம் சுண்டிவிடும். "கட்டுனவளே நம்பலை, நீயா நம்பப்போற?" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை.

குமாரிடமிருந்து தினமும், "நல்லாருக்கேன் சித்தி" என்று செய்தி வரும். கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே இறங்கியதும் அது நின்றுபோனது. பயந்துவிட்டேன் அத்தான். சர்க்கரை போடாமலே டீ கொடுத்தேன், காளி கோவிலில் போய் அழுதேன். அக்கா காலையில் கடைக்கு வந்ததும் என் முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள்.

நேற்று மத்தியானம் போன் சிணுங்கியது. பக்கத்தில் அக்கா பருப்புப் புடைத்துக்கொண்டிருந்ததை மறந்து, அவன் அனுப்பிய குரல் பதிவைச் சத்தமாகவே போட்டுவிட்டேன்.

"சித்தி, தாண்டிட்டோம். கையில சுளுக்கு, வேற ஒண்ணுமில்ல. சித்தி, குழி இருக்கு! முன்னாடி கடலே இல்லாமப் போச்சு, கப்பல் அப்படியே மூக்கு குத்தி எறங்குச்சு. காத்து பட்டுனு நின்னுருச்சு. பக்கத்துல நின்ன கூட்டாளி கோ மின் மூச்சு வாங்குறது கேட்டுச்சு. சாகப்போறோம்னு தெரியுது, எனக்குச் சிரிப்பு வருது சித்தி. எங்கப்பா பொய் சொல்லலேன்னு. அம்மாவுக்கு மட்டும் இது தெரியவேணாம்."

அவன் அம்மா முறத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன்.

"இப்பவாவது நம்புறியா அக்கா?"

"நான் எப்ப நம்பாம இருந்தேன்? அவரு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நம்புனேன்டி. திரும்ப அதே தண்ணிக்குப் போகப்போற மனுஷன் சொல்றதை எப்படி உக்காந்து கேக்குறது? கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனா?"

அத்தான், இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கட்டினவள் உங்களை நம்பினாள். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் உங்களுக்கு அது தெரியவில்லையா? இல்லை, தெரிந்துகொண்டேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?

அக்கா போனைப் பானையிலிருந்து எடுத்துவிட்டாள். இடுக்கெல்லாம் தவிடு. குமாரை அழைத்து, கைக்கு என்ன மருந்து போட்டாய் என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, "அந்தக் குழியைப் பத்திச் சொல்லுப்பா" என்றாள். எழுந்து போகாமல் முழுக்கக் கேட்டாள்.

இனிமேல் நம் கடையில் எவன் சிரித்தாலும் ஈரத்துணியை விரித்து அவனையே தள்ளச் சொல்வேன். அந்த அமைதியில் உங்கள் காதில் வேறென்ன விழுந்தது என்ற கேள்வியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன், அவசரமில்லை, கடையைப் பார்க்க ஆளில்லை. நீங்கள் என்ன பதில் சொன்னாலும் ‘ஹொத்லா’ என்று மட்டும் கேட்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வாயாடிக் கொழுந்தியாள்
செல்வி