புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

ஞாயிறு, ஒக்டோபர் 12

படுத்துப் பார்த்தேன், நித்திரை வரவில்லை. என் வாயை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் லண்டன் குட்மேய்ஸில் என் கூட்டாளி சிவநேசன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏலத்துக்கு வரும் பழைய கைத்துப்பாக்கிகளின் படங்களை ஃபோனில் காட்டி, எதை வாங்கக் கூடாது என்று கேட்டான். நான் இருபது வருடமாக இவற்றைச் சேர்க்கிறவன், இதில் பெரிய விண்ணன் என்ற நினைப்பு எனக்கு. உதாரணம் காட்ட, அவனுடைய கண்ணாடி அலுமாரியிலிருந்து பித்தளைக் குழல் வைத்த ஒன்றை எடுத்தேன். புதுக் குடம் போல மினுங்கியது.

"இருநூறு வருசமாப் படிஞ்ச கறுப்பு முழுக்கப் போயிட்டுது. அதுக்குத்தான் விலையே. செய்தவன்ர முத்திரையும் தேஞ்சிட்டுது. இப்பிடி மினுக்கினதைக் கண்டால் தொடாதை. எந்த மடையன் செய்த வேலையோ."

சிவநேசன் கண்ணைக் காட்டினான். நான் அதைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் அண்ணை," என்றாள் தேத்தண்ணியோடு வந்த அவன் மனைவி வசந்தி. "சரஸ்வதி பூசைக்கு வைக்கவெண்டு குத்துவிளக்கோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சனான். இவர் ஒண்டும் சொல்லேல்லையே."

அவன் சொல்லவில்லை. நல்ல வடிவாயிருக்கு என்றுதான் சொல்லியிருப்பான். அவன் மறைத்ததை நான் ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டேன்.

வெளிக்கிடும்போது வாசலில் வைத்து மெல்லக் கேட்டாள். "அந்தக் கறுப்பு திரும்பப் பிடிக்க எவ்வளவு காலம் எடுக்கும், அண்ணை?"

"கனகாலம் எடுக்காது," என்றேன்.

நம்பிவிட்டாள். இனி ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றிவிட்டு அதை எடுத்துப் பார்ப்பாள்.