புருவத்தில் வேப்பங்குச்சி

ஜூலை 14, ஞாயிறு

சாமைக் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்தேன். இன்று முழுக்க நான் பேசியது ஆட்டிடம் மட்டும்தான்.

ரேணுகா அக்கா போட்டோ அனுப்பியிருக்கிறாள். பெரியம்மா மகள், திருப்பத்தூரில் பியூட்டி பார்லரில் வேலை. அவளுடைய இடது புருவத்தின் ஓரத்தில் சின்னக் கம்பி, இரு முனையிலும் கடுகளவு உருண்டை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எனக்கும் வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது காது குத்தினார்கள். பெரியவளானதும் மூக்கு. எல்லாப் பெண்ணுக்கும் குத்துகிற இடங்கள். புருவம் அப்படி இல்லை. ஆனால் தலை நிமிர்ந்து யாரையும் பார்க்காதவளுக்கு முகத்தில் எதற்கு நகை? வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே ஒன்பதாவதோடு நின்றவள் நான். கொல்லை வேலைக்காக நிறுத்தினார்கள் என்று ஊர் நினைக்கிறது. நினைக்கட்டும்.

ஜூலை 18, வியாழன்

அக்காவுக்குச் செவ்வாய்தான் லீவு. இந்தச் செவ்வாய் மாலை ஊரில் மாரியம்மனுக்குக் காப்பு கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யார் உடம்பிலும் ஊசி, கத்தி படக்கூடாது. நகம்கூட வெட்டமாட்டோம்.

மாலைதானே. மதியமே குத்திக்கொண்டு வந்துவிடலாம். முடியுமா? முடியும்.

ஜூலை 23, செவ்வாய்

குத்திக்கொண்டேன்!

விடிந்ததும் முதல் ஜீப்பில் போனேன். மதியம் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காரவைத்தாள். "மூச்ச வுடுடி" என்றாள். விட்டேன். முடிந்துவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம். கண்ணாடியில் இருந்தவள் என்னைவிடத் தைரியமாக இருந்தாள்.

"காலையும் சாயங்காலமும் உப்புத் தண்ணி. மஞ்சள் வேணாம், எண்ண வேணாம். திருகாத. ஆறுற வரைக்கும் கழட்டவே கூடாது, புரியுதா?"

திரும்பும் ஜீப்பில் துப்பட்டாவைக் கண்வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் ஒருவர் சொன்னார்: "காலையிலயே காப்பு கட்டியாச்சுப்பா. சாயங்காலம் நல்ல நேரம் இல்லயாம்."

காலையிலேயே. அப்படியென்றால் நான் குத்தியது — காப்புக்குப் பிறகு.

ஜூலை 24, புதன்

அம்மா பார்த்துவிட்டாள். துப்பட்டாவை ஒரே இழுப்பு.

"இன்னாடி இது, மூஞ்சில? எப்ப குத்துன?"

சொன்னேன். அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஊருக்குத் தெரிந்தால் காப்பை அவிழ்த்து மறுபடி கட்டவேண்டும். வெளியூர் விருந்தாடி எல்லாம் வந்தாயிற்று, கிடா வாங்கியாயிற்று. ஊர் எங்களைச் சும்மா விடாது.

"கழட்டு." கழட்டமாட்டேன் என்று அழுதேன். துளை தூர்ந்துபோய்விடும் என்றேன். அம்மா எழுந்து வெளியே போனாள். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துச் சீவி, மஞ்சளில் தோய்த்து எடுத்து வந்தாள். மூக்கு குத்தியபோது எனக்குப் போட்டுவிட்டதும் வேப்பங்குச்சிதான்.

"இத போட்டுக்கோ. தூராது. பண்டிக முடிஞ்சதும் உன் கம்பிய மாட்டிக்கோ. முடிய முன்னால வுட்டுக்கோ."

அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

விண் விண் என்று தெறிக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

புருவம் வீங்கி இமைமேல் இறங்கிவிட்டது. சுற்றிலும் நாலைந்து கொப்புளம். அம்மா பயந்து குச்சியை வெடுக்கென்று இழுத்தாள். முழுதாக வந்ததா? வந்தது என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாதம்மாள் சின்னம்மா சுண்டல் கொடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அய்யோ, முத்து போட்டுக்கீதே! காப்பு கட்டின வூட்ல ஆத்தா எறங்கிட்டாளே!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று.

ஜூலை 27, சனி

காலையிலிருந்து பெண்கள் வந்தபடி இருக்கிறார்கள். இளநீர், கூழ், வெள்ளரிக்காய். வாழையிலைமேல் படுக்கவைத்திருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஆத்தா என்கிறார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

சின்னம்மா காலில் விழுந்தாள். "எங்க வூட்டுக்காரரு குடிய வுடுவாராத்தா?" நான் பதில் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி போனாள். சித்தப்பா இன்று குடிக்கவே இல்லையாம்.

ஜூலை 28, ஞாயிறு

ரகசியமாக அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன். "குச்சியா போட்ட? அறிவு இருக்குதாடி? இது கண்ணுக்கு ஏறிடும், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ!"

அம்மாவிடம் சொன்னேன். அம்மை கண்டவர்கள் தலைக்கு மூன்று தண்ணி ஊற்றாமல் ஊர் எல்லை தாண்டக்கூடாது, மாத்திரையும் கூடாது. "போனா அம்மை இல்லன்னு தெரிஞ்சிடும்டி. செவ்வாக்கெழம மொத தண்ணி. பொறுத்துக்கோ."

ஜூலை 29, திங்கள்

இடது கண் திறக்கவில்லை. காய்ச்சல். ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணுகிறது. இமையை விரலால் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் தெரிகிறது, ஜன்னல் கம்பி தெரியவில்லை. கண்ணு போய்ட்டா இன்னா பண்ணுவேன்? யார்ட்ட சொல்லுவேன்? சொல்லணும். யாராவது சொல்லணும். அம்மா சொல்லமாட்டாள். அப்ப நான்தானே?

ஜூலை 30, செவ்வாய்

ஜீப்பில் எழுதுகிறேன். குலுங்குகிறது.

ஊர்க்கவுண்டர் மாதையன் பெரியப்பா மஞ்சள் தண்ணிக் குடத்தோடு வந்தார். பின்னால் மேளம், பாதி ஊர். வாசலில் உட்காரவைத்தார்கள். குடத்தைத் தூக்கிவிட்டார்.

"பெரியப்பா, ஊத்தாதீங்க."

மேளம் நிற்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன். கத்தினேன்.

"இது ஆத்தா இல்லீங்க! நான் புருவத்துல குத்திக்கினேன்! காப்பு கட்டின அன்னிக்கி!"

மேளம் நின்றது. இத்தனை பேர் முன்னால் நான் பேசி யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

"அடிப்பாவி, உன் கால்ல வுழுந்தேனேடி!" — சின்னம்மா.

பெரியப்பா குடத்தை இறக்கவில்லை. "ஏம்மா, இத மொதல் நாளே சொல்லி இருந்தா இன்னா? இல்ல, கடைசி வரைக்கும் சொல்லாம இருந்தா இன்னா? நடுவுல சொல்றியே!" பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தார். முகம் சுளித்தார். "கண்ணு தெரியுதா?"

"தெரியல பெரியப்பா."

குடத்தை இறக்கிவைத்தார். மேளக்காரரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஜீப்பைக் கூப்பிடச் சொன்னார். யாரோ "கிடாவ இன்னா பண்றது?" என்று கத்தினார்கள். அம்மா எல்லோர் நடுவிலும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் குச்சி போட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஆஸ்பத்திரி. உள்ளே முறிந்து நின்ற குச்சித் துண்டை டாக்டர் எடுத்தார். அரிசி மணியில் பாதி. ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று நிறுத்திவிட்டார். அம்மா அந்த மிச்சத்தைக் கேட்கவே இல்லை.

சித்தப்பா மறுபடி குடிக்கிறாராம். போனில் சொன்னார்கள். அது நான் செய்ததா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜன்னல் கம்பி தெரிகிறது. ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மறுபடி காப்பு கட்டிய திருவிழா இன்று. எங்கள் வீட்டுப் பொங்கப்பானையைக் கடைசியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொங்கியது.

செப்டம்பர் 9, திங்கள்

துளை தூர்ந்துவிட்டது. அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. தழும்பு நன்றாக ஆறட்டும், அப்புறம் பார் என்றார் டாக்டர். பார் என்றுதானே சொன்னார்? வேண்டாம் என்று சொல்லவில்லையே.

நவம்பர் 5, செவ்வாய்

ஜீப்புக்காக நானும் அம்மாவும் நின்றிருந்தோம். மாதையன் பெரியப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்த வருசம் காப்புக்கு நாள் குறிக்கறதுக்கு முன்னாடி தமிழ்மணிய ஒரு வார்த்த கேட்டுக்குங்கப்பா. அது எப்ப எங்க குத்திக்குமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தாள். எனக்குக் காது சூடாயிற்று.

"அதுக்குள்ள ஆறிடும் பெரியப்பா," என்றேன். "இன்னிக்கிதான் போறோம். இந்த வாட்டி வலது பக்கம்."

பெரியப்பாவுக்குப் புரையேறியது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். சிரித்துக்கொண்டேதான் கிள்ளினாள்.