மோட்டார் கொட்டகைக்கு இரண்டு சாவி

அன்புள்ள அப்பாவுக்கும், அப்பாவுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை ஐயாவுக்கும் செந்தமிழ் எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீங்களும் கடலூரில் நன்றாகத்தான் இருப்பீர்கள், நேரத்துக்குச் சோறு, வெயில் இல்லை, அம்மாவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய நோட்டைத்தான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே அதில் அசோகன் என்று எழுதியிருந்தது. சிவஞானம் முதலாளியின் உப்பளத்து மோட்டாரிலிருந்து யாரோ காப்பர் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டார்களாம், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். தை மாதம் நீங்கள்தானே ஐயா அவரைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்றாள் அம்மா. அவர் பழக்க தோஷம்மா என்று சொல்லி உங்கள் பெயரை அடித்தார். பன்னிரண்டு வருஷத்தில் கம்பி காணாமல் போய் அது நீங்கள் இல்லை என்று ஆனது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள்.

வேலை எங்கே இருந்தது, மோட்டார் ஓடாததால் பாத்தியில் தண்ணீர் இல்லை, பதினெட்டுப் பேரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். போன வருஷம் நீங்கள் உருவியபோதும் இதே மாதிரி நாலு நாள் உட்கார்ந்தோம், அந்தப் பதினெட்டில் அம்மாவும் நானும் உண்டு என்பது உங்களுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு யாரைப் பற்றி வரும். கையை ஒடித்து அனுப்பினால்தான் நீங்கள் அடங்குவீர்கள் என்று எங்களில் மூத்தவளான சவரியம்மாள் சொன்னாள். உள்ளே போய்ப் போய் என்ன ஆயிற்று, ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாகக் கழற்றத்தான் கற்றுக்கொண்டு வருகிறான் என்றார் மோட்டாரைப் பார்க்க வந்திருந்த முதலாளி. அங்கே தொழில் கற்றுக்கொடுக்கிறார்களே என்று ஒருத்தி கேட்டாள். கற்றுக்கொடுத்தார்கள், போன தடவை ரொட்டி சுடக் கற்றுக்கொண்டு வந்தீர்கள், மரக்காணத்தில் உங்களை நம்பி யார் பேக்கரிக்குள் விடுவார்கள், அதனால்தான் திரும்பவும் கம்பிக்குப் போனீர்கள் என்று நான் மனசுக்குள்ளேயே பதில் சொன்னேன்.

அப்புறம்தான் முதலாளி அந்த யோசனையைச் சொன்னார். ஆடியில் நீங்கள் வெளியே வந்ததும் மோட்டார் கொட்டகையை உங்களிடமே விடுவாராம், கம்பி எப்படிப் போகும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும் என்றார். திருடன் கையிலேயே சாவியா என்று சவரியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். யாராவது பொறுப்பு ஏற்றால்தான் என்றார் அவர், மறுபடி கம்பி போனால் எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அந்த உப்பளத்தில் கால் வைக்கக் கூடாதாம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், மூன்று தடவை நம்பிவிட்டாள்.

"யாருடி அவனுக்குப் பொறுப்பு? சொல்லுங்கடி" என்றாள் சவரியம்மாள்.

பஸ்ஸில் இறங்கும் இடத்தைக்கூடக் கண்டக்டரிடம் அம்மாவைச் சொல்லச் சொல்பவள் நான். நான் பொறுப்பு என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன், இந்தத் தடவை பக்கத்து உப்பளத்துக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சவரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி, புதுக் கம்பி கட்டினதும் அவன் வர்ற வரைக்கும் மோட்டாரை நீயே போடு. அவன் வந்தப்புறம் கம்பி போச்சுன்னா உன் கையத்தான் ஒடிப்பேன்."

அதனால் அப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே புதுச் சிநேகிதம் எதுவும் பிடிக்க வேண்டாம், இந்த முறை வேறு தொழில் எதுவும் கற்றுக்கொள்ளாமல் வந்தாலே போதும். உங்கள் ஸ்பேனரை அம்மா கழுவெளி ஏரியில் வீசிவிட்டாள், தேடாதீர்கள். நலம் விசாரித்ததாக எழுதக் கூடாது என்று சொன்னாள், எழுதவில்லை. ஆசீர்வாதம் பெரியவர்கள் சொல்வது, நம் வீட்டில் யார் பெரியவர் என்று தெரியாததால் நானே சொல்கிறேன், நல்லபடியாக இருங்கள்.

முதலாளி இரண்டு சாவி கொடுத்தார். ஒன்றை என் தாவணியில் முடிந்துகொண்டேன். இன்னொன்றை நீங்கள் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினேன்.

உங்கள் மகள்,
அ. செந்தமிழ்